தொடர்பில் இல்லாத கணவர்

"தயிர அடிச்சுட்டயா? ஏம்புள்ள, எட்டு மாசமா மல்லாந்து கெடக்கறவன் தயிருமில்லாம—"

"நான் அடிக்கிலீங்க, அந்த லோன்காரங்க தாளு அடிச்சுது. தயிருன்னு எழுதறதுக்கு அதுல எடமே—"

"தாளா சோறு திங்குது?"

"திங்கறதில்லீங்க. அதனாலதான் அது சொல்றதெல்லாம் கணக்கா இருக்குது."

இளம்பிள்ளைக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டு வீட்டுக்குள், ஞாயிற்றுக்கிழமை காலையில், நர்மதாவும் அவள் புருஷன் சென்னிமலையும் இப்படிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பேசினார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. அடுத்த வீட்டுக்காரர்கள் ரேடியோவை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

சென்னிமலை ரிக் வண்டியில் வேலை பார்த்தவர். ஊர் ஊராகப் போய் ஆழ்குழாய்க் கிணறு போடுகிற வண்டி. சத்தீஸ்கரில் ஒரு காட்டில் துளை போட்டுக்கொண்டிருந்தபோது இரும்புக் குழாய் ஒன்று நழுவி அவர் முதுகில் விழுந்தது. ஆஸ்பத்திரிக்காக நர்மதா அறுபதாயிரம் குழு லோன் எடுத்தாள். டாக்டர் போன வாரம் சொன்னது இது: "இன்னும் மூன்று மாதம் படுக்கை. கட்டில் ஆடக்கூடாது. அசையாமல் கிடந்தால் பழையபடி நடப்பார். ஆடினால் அப்புறம் என்னைக் குறை சொல்லாதீர்கள்."

நர்மதாவுக்குத் தறி வேலை. சனிக்கிழமை சம்பளம் இரண்டாயிரத்து நானூறு. செவ்வாய்க்கிழமை லோன் தவணை எழுநூற்று எண்பது. நடுவில் இருக்கிற இரண்டு நாளும் அவள் வசதியானவள். தொடர்ந்து இரண்டு செவ்வாய் அவளால் கட்ட முடியவில்லை.

கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் கற்பகச்சுடர் குடும்ப முன்னேற்ற நிதி. அவர்கள் அவளைத் திட்டவில்லை. பதினாறு பக்கத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். 'குடும்பச் செலவு ஒழுக்கப் படிவம்' என்று பெயர். வரவுசெலவை ஒழுங்காக எழுதிக்கொடுத்து, அது ஏற்கப்பட்டுவிட்டால், பதின்மூன்று வாரத்துக்கு அரைத் தவணை கட்டினால் போதும். பதின்மூன்று வாரம் என்பது மூன்று மாதம். டாக்டர் சொன்னதும் மூன்று மாதம். இவர்களும் டாக்டரும் பேசி வைத்துக்கொண்டு செய்கிறார்களோ என்றுகூட நர்மதாவுக்குத் தோன்றியது. அவ்வளவு நம்பினாள்.

"மருந்து எங்க இருக்குது, பாரு."

"பதினொண்ணாம் பக்கத்துலீங்க. 'அழகுப் பொருள் மற்றும் இதர'ன்னு போட்டு அதுக்குக் கீழ."

"அரிசி?"

"ஒம்பதாம் பக்கம். சினிமாவுக்கும் திருவிழாவுக்கும் நடுவுல."

"அப்ப மொதப் பக்கத்துல என்னதான் இருக்குது?"

"அத்தியாவசியச் செலவுங்க. அவியளே அச்சடிச்சுக் குடுத்துட்டாங்க. தவணை, இன்சூரன்சு, தவணை கட்டப் போயி வர்ற பஸ் காசு, தவணை கட்டச் சொல்லிப் போன் வந்தா எடுக்கறதுக்கு ரீசார்ஜ்."

சென்னிமலை, "நல்லவேளை. போனுக்குக் காசு போட்டுட்டாங்க," என்றார்.

*

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு மயிலம்மாள் வீட்டு வாசலில் சென்டர் மீட்டிங், கடன் குழுவின் வாராந்தரக் கூட்டம். இருபது பெண்கள், வரிசைக்கு ஐந்து பேராக நான்கு வரிசை. தரையில்தான் உட்கார வேண்டும். முதலில் எழுந்து நின்று உறுதிமொழி.

"என் தவணை என் மானம். என் பக்கத்தில் இருப்பவள் தவணையும் என் மானம். மழையிலும் கட்டுவேன், வெயிலிலும் கட்டுவேன். வீட்டில் சாவு விழுந்தால் கட்டிவிட்டு அழுவேன்."

பிறகு வசூல். ஒருத்தி கட்டவில்லையென்றால் அந்த வரிசையில் இருக்கும் மற்ற நாலு பேரும் சேர்ந்து கட்ட வேண்டும். கடைசி ரூபாய் வரும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது; ஒன்றுக்குப் போகவும் கூடாது. போன இரண்டு வாரமும் நர்மதாவுக்காக அவள் வரிசை கட்டியது. அதே வரிசையில் உட்காரும் மயிலம்மாள் மாட்டுத் தவிட்டுக்கு வைத்திருந்த காசைப் போட்டாள். மாடு அந்த வாரம் பால் குறைத்தது. அதை மயிலம்மாள் யாரிடமும் சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரியும்.

வசூலுக்கு வருகிறவன் நந்தகுமார். இருபத்து நாலு வயது. கையில் தொடுதிரை டேப். நர்மதாவின் படிவத்தை அதில் ஏற்றினான்.

"அக்கா, வரவு ஒம்பதாயிரத்து அறுநூறு. செலவு பதினோராயிரத்து எழுநூறு. மைனஸ் வருதுக்கா."

"ஆமாந் தம்பி, மைனசுதான். அதனாலதான எழுதிக் குடுத்தன்."

"மைனஸ எடுக்காதுக்கா. எங்க கம்பெனியில மைனசே கெடையாது."

"எங்கூட்டுல இருக்குதே சாமி."

"அது சிஸ்டத்துக்குத் தெரியாதுக்கா. செலவக் கொறைக்கோணும்."

இருபது பெண்களுக்கும் எட்டு மணிக்குத் தறி. எனவே எல்லாரும் சேர்ந்து குறைத்தார்கள்.

"சோப்ப எடு சாமி, அரப்புத் தேச்சுக்குவா."

"கொழம்பு ஒருநா வெச்சா மூணு நாளைக்கு வரும். அத எழுதுங்க."

"அவ பொண்ணு பள்ளிக்கோடத்துல டூரு போகுதாம், அத அடிங்க."

"எம்புள்ள போகிலீங்க்கா!"

"போகாததத்தான அடிக்கச் சொல்றன். உனக்கென்ன நட்டம்?"

இப்படி ஆயிரத்து இருநூறு குறைந்தது. இன்னும் தொள்ளாயிரம் மைனஸ். அடிப்பதற்கு அரிசி மட்டும்தான் பாக்கி. நந்தகுமார் டேப்பைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது.

"அக்கா, இது தலைக்கு ஆயிரத்து நானூறுன்னு தானாச் சேத்துக்குது. ஊட்டுல மூணு தலை. ஒரு தலைய எடுத்துட்டாப் பச்சை வந்துரும்."

"எந்தத் தலைய?"

"பொண்ணு மைனர், எடுக்க வுடாது. நீங்க லோன்காரங்க, எடுக்கவே வுடாது."

மிச்சம் இருந்தது சென்னிமலையின் தலை. மயிலம்மாள்தான் வழி சொன்னாள். "அவன் எப்பவும் வெளியூர்ல இருக்கறவந்தான சாமி? வெளியூர்னு போட்டுக்க."

நந்தகுமார் 'வெளியூரில் பணி' என்று போட்டான். டேப் டிங் என்று மணியடித்தது.

"அக்கா, ரிக் வேலைன்னா மாசம் பதினெட்டாயிரம் ஊட்டுக்கு அனுப்புவாருன்னு அதுவே வரவு வெச்சிருச்சு. நீங்க இப்ப வசதியானவங்க. அரைத் தவணை கெடைக்காது. ஒன்னரை லட்சம் புது லோன் வேணா எடுத்துக்கலாங்குது."

பெண்கள் நர்மதாவைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தியின் பார்வையில் லேசாகப் பொறாமைகூட இருந்தது.

"வேண்டாஞ் சாமி, மறுக்கா மாத்து."

"வேற மூணு இருக்குதுக்கா. காலமானார், பிரிந்தார், தொடர்பில் இல்லை." அவன் குரலைத் தணித்துக்கொண்டான். "மொதல்லது போட்டா இன்சூரன்ஸ்ல லோனே தள்ளுபடி ஆயிரும். ஆனா சர்டிபிகேட் கேப்பாங்க."

"வாயக் கழுவுடா," என்றாள் மயிலம்மாள். பிறகு சற்றுப் பொறுத்து, "முழுசுமா தள்ளுபடி?" என்றாள்.

"முழுசும்."

மாடு கத்தியது.

"பிரிந்தார்னா கோர்ட்டுப் பேப்பர் வேணும். தொடர்பில் இல்லைன்னா ஒண்ணும் வேண்டாம். வரவும் இல்ல, செலவும் இல்ல."

"அதயே போடு தம்பி," என்றாள் நர்மதா. "மூணு மாசந்தான?"

டேப்பில் பச்சை வந்தது. ஐந்நூறு ரூபாய் மிச்சம் என்று காட்டியது. அந்த ஐந்நூறு எங்கே இருக்கிறது என்று நர்மதா கேட்கவில்லை. வேறொன்று கேட்டாள்.

"ஏந்தம்பி, முழுத் தவணையும் கட்டி ஐந்நூறு மிச்சம்னா அரைத் தவணை எதுக்குன்னு கேக்குமே?"

"முழுசு கட்ட முடியறவங்களுக்குத்தாங்க்கா அரைத் தவணை. முழுசு கட்ட முடியாதவங்க அரையும் கட்டறதில்லைன்னு ஹெட் ஆபீஸ்ல ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபுடிச்சிருக்காங்க."

*

"நான் எங்க போயிருக்கன்?"

"எங்கியும் போகிலீங்க. தொடர்புல இல்ல, அவ்வளவுதான்."

"எவளையாச்சும் இழுத்துக்கிட்டா?"

"அதுக்குக் கட்டம் இல்லீங்க."

"கட்டம் இருந்தா போட்டிருப்பயாட்ட இருக்குது."

"மூணு மாசம் அசையாமப் படுத்திருக்கோணும்னுதான இத்தனையும் பண்றன்? நீங்க இல்லீன்னு எழுதுனாத்தான் நீங்க இருக்க முடியுமுங்க. எனக்கும் புரியிலதான், ஆனா அப்பிடித்தான் இருக்குது."

வியாழக்கிழமை வீட்டைச் சரிபார்க்கக் கிளை மேலாளர் தனபால் வருவதாக இருந்தது. அரை மணி நேரம் முன்னதாக நந்தகுமார் வந்துவிட்டான். தொடர்பில் இல்லாதவரைக் கட்டிலோடு தூக்க ஆள் வேண்டுமல்லவா? அவனும் தறிப்பட்டறை முதலாளி வெங்கடாசலமுமாகத் தூக்கிப் போய்ப் பட்டறை மூலையில் வைத்தார்கள். பதினாறு தறி ஓடுகிற இடம். தரை நடுங்கியது. கட்டிலின் நாலு காலும் தாளம் போட்டன.

தனபால் ஒரு ஃபைலும் ஒரு பேனா டார்ச்சும் கொண்டுவந்தார். தட்டுகளை எண்ணினார். பல் துலக்கும் பிரஷ்ஷை எண்ணினார். கொடியில் கிடந்த லுங்கியைப் பேனாவால் தூக்கிப் பார்த்தார்.

"இது யாருடையதும்மா?"

"எம்படதுங்க."

"பெண்கள் லுங்கி கட்டுவது தவறில்லை. ஆனால் அது விருப்பச் செலவு." எழுதிக்கொண்டார். "இந்த இடுப்புப் பெல்ட்?"

"அதுவும் எம்படதுங்க. தறியில நின்னு நின்னு இடுப்பு வலி."

"இடுப்பு வலியை வருமானக் கட்டத்தில் நீங்கள் குறிப்பிடவில்லையே?"

"அது வருமானமில்லீங்களே."

"வருமானத்துக்கு வரக்கூடிய ஆபத்து. சரி, இந்த முறை விட்டுவிடுகிறேன்." தனபால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். "அம்மா, நான் மனிதாபிமானி. என் கிளையில் யாரையும் வீடு தேடிப் போய்க் கேவலமாகப் பேசக்கூடாது என்பது என் உத்தரவு. பேச வேண்டியதைப் பக்கத்தில் இருக்கிற பெண்களே பேசிவிடுவார்கள். அதற்குத்தான் குழு. நமக்குச் செலவில்லை, அவர்களுக்கும் ஒற்றுமை வளர்கிறது."

"ஆமாங்க."

"கணவர் இல்லாமல் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?"

நர்மதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு வீடு தள்ளி அவர் கட்டில் ஆடிக்கொண்டிருப்பது அவளுக்குக் கேட்பது போலிருந்தது.

தனபாலுக்கு அந்தக் கண்ணீர் மிகவும் பிடித்துப்போயிற்று. அதையும் எழுதிக்கொண்டார்.

*

அதன் பலன் அடுத்த வாரம் தெரிந்தது. 'தனித்து நின்ற தாரகை' என்ற விருதுக்கு நர்மதா தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தாள். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மண்டபத்தில் விழா. வராவிட்டால் அரைத் தவணை இல்லை. விழாவுக்குச் சீருடைச் சேலை அறுநூற்றைம்பது. அது கடனில் சேரும். ஒரு நாள் கூலி போகும். அது எதிலும் சேராது. நர்மதா நெய்கிற சேலையே மொத்த விலையில் அதைவிட மலிவாகப் போகிறது என்று நந்தகுமாரிடம் சொன்னாள். அவன், "இதுல லோகோ இருக்குதுக்கா," என்றான்.

மேடையில் மண்டலத் தலைவர் பேசினார். கழுத்தில் மூன்று மாலை.

"தாய்மார்களே! வறுமை, வறுமை என்கிறார்களே, அது என்ன? ஒரு கூட்டல் பிழை! எங்களிடம் நாலு லட்சம் குடும்பங்கள் கடன் வாங்கியிருக்கின்றன. ஒரு குடும்பத்தில்கூடப் பற்றாக்குறை இல்லை. எங்கள் கணினியைக் கேளுங்கள்! வெளியே யாரோ தவிக்கிறார்கள் என்று பத்திரிகையில் எழுதுகிறார்கள். அவர்கள் எங்கள் படிவத்தை நிரப்பாதவர்களாக இருக்கும். எங்கள் வசூல் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது. அந்த மீதி ஒரு ரூபாய் எந்தத் தாயின் முந்தானையில் முடிந்திருக்கிறது என்றுதான் நான் கவலைப்படுகிறேன். அந்தத் தாய்க்காகவே கவலைப்படுகிறேன்!"

கைதட்டல். பிறகு நர்மதாவிடம் மைக்கைக் கொடுத்தார்கள். கணவரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். கேமரா அவள் முகத்துக்கு நேராக வந்தது.

"அவிய... எங்க இருந்தாலும் நேரத்துக்கு மாத்திரை போடோணுமுங்க," என்றாள். "அசையாம இருக்கோணும்."

மண்டபமே எழுந்து நின்று தட்டியது. மண்டலத் தலைவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். விருது ஒரு கண்ணாடிப் பெட்டி. அதோடு ஆங்கிலத்தில் அரைத் தவணை உத்தரவும் கையில் வந்தது. பஸ்ஸில் வரும்போது மகளைப் படிக்கச் சொல்லலாம் என்று பார்த்தால் மகள் வரவில்லை; மகளின் பஸ் காசு விருப்பச் செலவு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நந்தகுமார்தான் படித்தான்.

"நிபந்தனை பதினாலு, அக்கா. பதிமூணு வாரமும் எப்ப வேணா வந்து பாப்பாங்க. தொடர்பில் இல்லாதவரு தொடர்புக்கு வந்துட்டா உத்தரவு ரத்து. வுட்ட பாதித் தவணையும் அபராதம் ஐயாயிரமும் அன்னிக்கே கட்டோணும். கட்டாட்டி..." நிறுத்தினான்.

"வரிசையா?"

"ஆமாங்க்கா. மயிலம்மாக்கா வரிசை."

*

சென்னிமலை ஐந்து வாரம் தறிப்பட்டறையில் கிடந்தார். தனபாலின் வண்டி அந்தத் தெருவில் மூன்று முறை வந்தது. வீட்டுக்குத் தூக்கி வருவதும் திரும்பத் தூக்கிப் போவதும் இன்னும் மோசம் என்பதால் அங்கேயே இருந்தார். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து அப்பாவிடம் பேசுவாள். தறிச் சத்தத்தில் இரண்டு பேரும் கத்துவார்கள்.

"காலு மரத்துப் போகுது புள்ள," என்றார் ஒருநாள் நர்மதாவிடம்.

"சித்த என்னயப் புடிச்சுட்டு நில்லுங்க."

"நிக்கறன். நிக்கறது தெரிய மாட்டீங்குது."

ஆறாவது வாரம் வெங்கடாசலம் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "தப்பா நெனச்சுக்காத நர்மதா. அந்த மூலையில புதுத் தறி ரெண்டு எறங்குது. வெள்ளிக்கெழம ஆளு வாராங்க."

அன்றைக்கே பழைய ரிக் முதலாளியிடமிருந்து போன். சமையலுக்கு ஆள் வேண்டும், உட்கார்ந்தே சமைக்கலாம், வெள்ளிக்கிழமை திருச்செங்கோட்டில் வண்டி ஏறணும். சத்தீஸ்கருக்கு லாரியில் இரண்டு நாள்.

"ரெண்டு நாளு குலுங்குனா முதுகு என்னாகும்?" என்றாள் நர்மதா. "டாக்டரு சொன்னது மறந்துருச்சா?"

"டாக்டரு எனக்குச் சொன்னாரு. நாந்தான் இல்லியே."

"வெளையாடாதீங்க."

"ஊட்டுக்கு வந்தா உனக்குத் தண்டம். பட்டறையில எடமில்ல. வேற எங்க படுக்கச் சொல்ற? சொல்லு, அங்க படுத்துக்கறன்."

வெள்ளிக்கிழமை காலையில் நர்மதா வேலைக்குப் போகவில்லை. அவரைப் பிடித்து நடத்தி வீட்டில் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டு, கற்பகச்சுடரின் கிளை அலுவலகத்துக்கு ஓடினாள்.

"குடும்பத்துல ஒரு ஆளச் சேக்கோணுமுங்க."

கவுன்டரில் இருந்த பெண் தலை நிமிரவில்லை. "கொழந்த பொறந்திருக்கா?"

"இல்லீங்க. புருஷன்."

"புதுசா?"

"பழசுதானுங்க."

"ஐந்நூத்தித் தொண்ணூறு ரூபா பீஸ். ஆனா ஒரு தலை சேத்தா மைனஸ் வரும். மைனஸ எடுக்காது."

"அவரு சாப்புட மாட்டாருன்னு போட்டுக்குங்க. எம்பட பங்குலயே தின்னுக்குவாரு. படுத்துக்க மட்டும் எடம் வேணுமுங்க."

அந்தப் பெண் இப்போது நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பின்னாலிருந்த அறைக் கதவு திறந்திருந்ததால் சொல்லாமல், "மேனேஜர் ரவுண்ட்ஸ் போயிருக்காரு," என்று மட்டும் சொன்னாள். "இளம்பிள்ளைப் பக்கந்தான்."

நர்மதா திரும்பி வந்து சேர்ந்தபோது வாசலில் இரண்டு பைக் நின்றன. கதவு நிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சென்னிமலை நின்றார். மறு கையில் பை. இடுப்பில் பெல்ட். அவருக்கு முன்னால் தனபால், பேனாவும் ஃபைலுமாக. நந்தகுமார் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். சத்தம் கேட்டு மயிலம்மாளும் வந்து வேலியோரம் நின்றாள். கையில் தவிட்டு வாளி.

"வாங்கம்மா," என்றார் தனபால். "இவரைக் கேட்டால் பேசமாட்டேன் என்கிறார். போகிறவரா, வருகிறவரா என்றும் தெரியவில்லை. எனக்கு நாலு வீடு பாக்கி இருக்கிறது. இவர் யார் என்று சொன்னால் கட்டத்தை நிரப்பிக்கொண்டு போய்விடுவேன்."

நர்மதாவுக்கு மூச்சு வாங்கியது. மயிலம்மாள் வாளியைக் கீழே வைக்கவில்லை. சென்னிமலை நிலையை இறுகப் பிடித்தார்.

"அம்மா, உங்களைத்தான் கேட்கிறேன்."

சென்னிமலைதான் வாயைத் திறந்தார்.

"சொல்லு புள்ள. உனக்கு எது கட்டுப்படியாகுதோ அதச் சொல்லு."